தேவதைகள் குடித்தது போக

பங்காருபேட்டைக்கு வருகிறவர்கள் பானிபூரி சாப்பிடாமல் ரயிலேறுவது அபூர்வம். பெங்களூரிலும் 'பங்காருபேட்டை சாட்' என்று பலகை மாட்டிய கடைகளை நிறையப் பார்க்கலாம். விசேஷம் பூரியில் இல்லை, பானியில். மற்ற ஊர்களில் அது புதினா, கொத்தமல்லி அரைத்த பச்சைத் தண்ணீர். இல்லாவிட்டால் புளி கரைத்த பழுப்பு. எங்கள் ஊரில் குழாயில் பிடித்தது போலப் பளிங்காக இருக்கும். முதல் தடவை சாப்பிடுகிறவர் "வெறும் தண்ணியை ஊத்தித் தர்றாரே" என்று யோசித்துக்கொண்டே வாயில் போடுவார். அடுத்த நொடி கண்ணில் நீர் முட்டும். மிளகாயின் காரமும் இஞ்சி, பூண்டின் வாசனையும் அந்தத் தெளிந்த தண்ணீருக்குள்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

விஸ்கியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் பானிபூரியில் தொடங்கக் காரணம் இருக்கிறது. உலகத்தில் எந்த விஸ்கியும் பிறக்கும்போது இந்தப் பானியைப் போலத் தண்ணீர் நிறத்தில்தான் பிறக்கிறது. காய்ச்சி வடிக்கும் வாலையிலிருந்து சொட்டும் புதுச் சரக்குக்குப் பொன்னிறம் கிடையாது. அந்த நிறம் பிறகு மரப் பீப்பாயில் ஊறி வருகிறது. அல்லது சர்க்கரையைக் கருக்கிச் செய்த காரமெல் சாயத்திலிருந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் சட்டம்கூட இந்தச் சாயத்தை அனுமதிக்கிறது. அமெரிக்க போர்பனுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஆனாலும் நாம் கண்ணைத்தான் நம்புகிறோம். 2001-இல் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்து வர்ணிக்கச் சொன்னார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். படித்தவர்கள் கதியே இது. "நல்லா டார்க்கா இருக்கறதைக் குடுப்பா" என்று ஒயின் ஷாப் கம்பிக்குள் கையை நீட்டுகிறவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அப்படிக் கேட்கிற ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெரியப்பா. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது கையில் கொஞ்சம் பணத்தோடு வெளியே வந்தவர்களில் ஒருவர். அன்று முதல் அவருடைய மாலைக் கணக்கு ஒரு நைன்ட்டி. கர்நாடகத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழரசப் பெட்டி போன்ற அட்டைப் பொட்டலத்தில் 90 மில்லி. டம்ளரில் ஊற்றி, தண்ணீர் கலந்து, மூச்சைப் பிடித்து ஒரே மடக்கு. பிறகு ஒரு சிட்டிகை ஊறுகாய்.

போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் நண்பன் வந்தபோது மூன்று சின்ன பாட்டில்கள் கொண்டுவந்தான். ஒன்று பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட். ஒன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வந்த புகை மால்ட். இன்னொன்று கென்டக்கி போர்பன். நான்காவதாகப் பெரியப்பாவின் நைன்ட்டியையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வைத்தோம். நாலுக்கும் பெயர் விஸ்கிதான். ஆனால் நாலும் பிறந்த விதம் வேறு வேறு.

இந்த ஊருக்கு விஸ்கி புதிதல்ல. மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங்கின் பெயரால் இது பௌரிங்பேட்டையாக இருந்த காலத்திலேயே, 1880-க்குப் பிறகு, ஜான் டெய்லர் கம்பெனியின் ஆட்கள் தங்கம் தோண்ட வந்துவிட்டார்கள். இங்கிருந்து மாரிகுப்பம் வரை கிளைப்பாதை போட்ட பிறகு கோலார் தங்கவயலுக்குப் போன இயந்திரம், மரம், மளிகை எல்லாம் பௌரிங்பேட்டை ஜங்ஷனில் பாதை மாறித்தான் போயின. கிளப்புக்குப் போன ஸ்காட்ச் பெட்டிகளும் இதே பிளாட்பாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறிய எங்கள் முன்னோர்களுக்கு வாய்த்தது சாராயம். அந்தப் பிரிவு இன்றும் தீரவில்லை; பெயர் மட்டும் இப்போது பொதுவாகிவிட்டது.

சரி, தானியத்துக்கு வருவோம். கோலார் ராகி விளையும் பூமி. இங்கே மால்ட் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ராகியை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளை வந்ததும் காயவைத்து வறுத்து அரைத்தால் ராகி மால்ட். பார்லியை அதே மாதிரி செய்தால் விஸ்கியின் மால்ட். முளைக்கிற விதை, உள்ளே சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் குருத்துக்கு ஊட்ட வேண்டும். அதற்காக அமைலேஸ் என்ற நொதிகளை உற்பத்தி செய்கிறது. அதை வீட்டிலேயே பார்க்கலாம். ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, விரலை ஒரு கணம்தான் வைக்க முடியும் என்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி முளைகட்டிய ராகி மாவைப் போட்டுக் கிளறுங்கள். கரண்டி நின்ற கூழ் சில நிமிடங்களில் தண்ணீராக இளகி ஓடும். நாக்கில் வைத்தால் லேசான தித்திப்பு. கொதிக்கும்போது போட்டால் ஒன்றும் நடக்காது, நொதி வெந்துபோயிருக்கும். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வாளர்கள் கைக்குழந்தை உணவுக்காக ராகி மால்ட்டை ஆராய்ந்தது இந்தக் குணத்துக்காகத்தான். கஞ்சி நீர்த்துவிடுவதால் அதே அளவு கஞ்சியில் அதிக மாவு சேர்க்கலாம், குழந்தைக்குச் சத்து கூடும்.

விஸ்கிக் கூடத்தில் மால்ட்டை அரைத்துச் சுடுநீரில் கலக்கும் சூடு ஏறத்தாழ 64 டிகிரி. பெரியப்பாவிடம் சொன்னேன். சாம்பியன் ரீஃபின் அடிமட்டத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "அப்போ நாங்கதான் மால்ட்டா வெந்தோம்" என்றார்.

பிரிட்டனில் வடிப்புக்குப் பயன்படுவது கதிரில் இரண்டு வரிசை மணி உள்ள பார்லி. நம் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பக்கம் விளைவது ஆறு வரிசை பார்லி. மணி சிறியது, மாவுச்சத்து குறைவு, புரதமும் உமியும் அதிகம். ஒரு டன்னுக்குக் கிடைக்கும் சாராயம் குறையும். இந்திய மால்ட்டின் கொஞ்சம் தடித்த, தானிய வாசனை இதிலிருந்து வருவதாக வடிப்பவர்கள் சொல்கிறார்கள்.

முளைத்த பார்லியைக் காயவைக்க வேண்டும். ஐலா தீவில் விறகு கிடைப்பது அரிது. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாதி மக்கிக் கிடக்கும் பாசியும் செடியும்தான் எரிபொருள். அதற்குப் பீட் என்று பெயர். செங்கல் போல வெட்டிக் காயவைத்து எரித்தால் நெருப்பைவிடப் புகை அதிகம் வரும். அந்தப் புகையில் உள்ள குவையக்கால், கிரெசால் முதலிய ஃபீனால் வகைகள் ஈரமான பார்லி உமியில் ஒட்டிக்கொள்கின்றன. வாலையில் கொதித்தாலும் பீப்பாயில் கிடந்தாலும் முழுக்கப் போவதில்லை. லாஃப்ராய்க், ஆர்ட்பெக் போன்ற ஐலா விஸ்கிகளை உலகம் கொண்டாடுவது இந்த வாசனைக்காக.

பெரியப்பா புகை மால்ட் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது.

"என்னடா இது, ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

"அதான் பெரியப்பா இதோட விசேஷமே. இதுக்குத்தான் ஆயிரக்கணக்குல குடுக்கறாங்க."

"காசு குடுத்து பினாயில் குடிப்பாங்களா?"

அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. வார்டு தரையைத் துடைக்கும் கிருமிநாசினியும் பீட் புகையும் ஒரே ஃபீனால் குடும்பம். ஆஸ்பத்திரி என்றால் அவருக்குக் கூட வேலை செய்தவர்களின் சிலிகோசிஸ் இருமல். ஐலாவில் வளர்ந்தவனுக்கு அதே வாசனை பாட்டி வீட்டு அடுப்படி. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் வழி நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளை நேரே தொட்டுச் செல்கிறது. அதனால் 'நல்ல விஸ்கி' என்று ஊர் உலகத்துக்குப் பொதுவாக ஒன்றைச் சொல்வது கொஞ்சம் அசட்டுத்தனம் என்றே எனக்குப் படுகிறது.

மால்ட்டிலிருந்து கிடைத்த சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால் புளித்து ஊறல் ஆகும். சாராயம் காய்ச்சுகிறவர்களும் அதைத்தான் ஊறல் என்பார்கள். இரண்டு மூன்று நாளில் 8 சதவீதம் போல எத்தனால் சேரும். ஈஸ்ட் அதோடு நிற்பதில்லை. எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்களையும் துளித்துளியாகச் செய்கிறது. ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழ வாசனை, எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிள் வாசனை. பழமே சேர்க்காத விஸ்கியில் பழம் மணப்பது இதனால்தான். ஊறலை அவசரப்படுத்தாமல் கூடுதலாக ஒரு நாள் விட்டால் பழ வாசனை ஏறும்.

அடுத்தது வடிப்பது. எத்தனால் 78 டிகிரியில் ஆவியாகும், தண்ணீர் 100-இல். செம்பு வாலையில் இரண்டு முறை காய்ச்சி, வருவதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலில் வரும் 'தலை'யில் நகப்பூச்சு நெடி. கடைசியில் வரும் 'வால்' ஈர அட்டை, வியர்வை நாற்றம். இரண்டையும் ஒதுக்கி, நடுவில் வருவதை எடுப்பதுதான் கைத்திறன். எங்கே வெட்டுவது என்பதில் ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு வழக்கம். செம்பு அழகுக்காக இல்லை. அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் நாற்றத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மெலிந்து, ஒருநாள் வாலையையே மாற்ற வேண்டி வருகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடை செய்தது. மறு வருஷம் மே மாதம் பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி பக்கங்களில் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நம் பக்கத்தில் இத்தகைய சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் வடித்ததில் வந்த பிழை இல்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலை யாரோ கலப்பதுதான். கல்லீரலில் எத்தனாலைச் சிதைக்கும் அதே நொதி மெத்தனாலையும் சிதைக்கிறது. ஆனால் அதிலிருந்து வருவது ஃபார்மிக் அமிலம். பார்வை நரம்பைத்தான் முதலில் தாக்கும். வாசனையிலோ ருசியிலோ இரண்டையும் பிரித்தறிய மனிதனால் ஆகாது. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தாக எத்தனாலையே கொடுப்பதுண்டு, நொதியை மும்முரமாக வைத்திருக்க. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த சாவுகளுக்கும் காரணம் இதே மெத்தனால்தான்.

1830-இல் ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் நிற்காமல் ஓடும் தூண் வாலைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கலால் அதிகாரி. கள்ள வாலைகளைத் துரத்திப் பிடித்த ஆள். அவர் கண்டுபிடித்ததைச் சொந்த நாட்டு வடிப்பாளர்கள் ருசியில்லை என்று ஒதுக்கினார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் வாரிக்கொண்டார்கள். மலிவான தானிய விஸ்கி பிறந்தது. அதோடு மால்ட்டைக் கலந்த பிளெண்டட் ஸ்காட்ச் உலகைப் பிடித்தது.

விஸ்கி வகைகளைப் பிரித்துப் பார்க்க நான் நம்புவது ஒரே ஓர் எண்ணை: வாலையிலிருந்து எத்தனை சதவீதத்தில் வெளியே வருகிறது? செம்பு வாலையில் இரண்டு முறை வடித்த மால்ட், 70 சதவீதத்துக்குப் பக்கத்தில். போர்பன் 80-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். ஸ்காட்ச் 94.8-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் சரக்கில் பெரும்பகுதிக்கு அடிப்படையான இ.என்.ஏ. என்கிற சுத்தச் சாராயம் 96-ஐத் தொடும். எண் ஏற ஏற எத்தனால் சுத்தமாகிறது, கூட வந்த வாசனைகள் கழிகின்றன. 96-இல் அது கரும்பிலிருந்து வந்ததா, தானியத்திலிருந்து வந்ததா என்று மூக்கால் சொல்வது கஷ்டம்.

இந்தியாவில் பல காலம் அது கரும்பிலிருந்துதான் வந்தது. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ் மலிவு. அதிலிருந்து வடித்த இ.என்.ஏ., கொஞ்சம் மால்ட், காரமெல், வாசனைச் சரக்கு, தண்ணீர் சேர்ந்தால் இங்கே விஸ்கி. 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளும் வேளாண் பொருளிலிருந்து வடித்த சுத்தச் சாராயத்தை விஸ்கியில் சேர்க்க இடம் தருகின்றன. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்க முடியாது. அங்கே தானியம் கட்டாயம், பீப்பாயில் மூன்று ஆண்டு கட்டாயம். உலகத்திலேயே அதிகம் விஸ்கி குடிக்கும் நாடு என்று நம்மைச் சொல்லும்போது, அந்தக் கணக்கில் பெரும்பகுதியை வெளிநாட்டான் ரம்முக்கு உறவு என்றுதான் சொல்வான். கொஞ்சம் விலை கூடிய இந்திய விஸ்கிகளில் உள்ளூர் மால்ட்டும் ஸ்காட்லாந்திலிருந்து மொத்தமாகத் தருவித்த மால்ட்டும் சேர்கின்றன. அண்மைக் காலத்தில் தானிய இ.என்.ஏ.வுக்கு மாறியவையும் உண்டு.

இதை உள்ளங்கையில் பார்க்கலாம். பெரியப்பாவின் நைன்ட்டியிலிருந்து நாலு சொட்டு அவருடைய இடது கையில் விட்டு, அம்ருத்திலிருந்து நாலு சொட்டு என் கையில் விட்டு, இருவரும் உள்ளங்கைகளை நன்றாகத் தேய்த்தோம். எத்தனால் அரை நிமிடத்தில் பறந்துவிடும். கனமான வாசனைகள் தோலில் தங்கும். என் கையில் வறுத்த தானியம், கொஞ்சம் வெல்லம், மரச்சீவல். அவர் கையில் லேசான எசன்ஸ் நெடி, அதுவும் சீக்கிரம் மங்கி, கடைசியில் அவர் கை வாசனைதான். இரண்டு கையையும் மாறி மாறி முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போர்பனுக்கு வருவோம். அதில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம்; உட்புறம் தீயில் கரிய விட்ட புத்தம் புது ஓக் பீப்பாய் கட்டாயம். சோளத்தால் இனிய மென்மை, புது மரத்தால் வெண்ணிலாவும் தேங்காயும். பெரியப்பா இதை "கேக்கு வாசனை" என்றார். அவருக்கு நாலில் அதிகம் பிடித்ததும் அதுவே. சோளத்துக்குப் பதில் 51 சதவீதம் ரை தானியம் போட்டால் மிளகு போன்ற காரம் வரும். டென்னசியில் மேப்பிள் கரியில் வடிகட்டுவார்கள். அயர்லாந்தில் மூன்று முறை வடிப்பது பழக்கம். 1785-இல் மால்ட்டுக்குப் போட்ட வரியைத் தவிர்க்க முளைக்காத பார்லியைக் கலந்தார்கள். வரி போயும் அந்த எண்ணெய்ப் பதமான வழவழப்பு தங்கிவிட்டது. ஜப்பான்காரர் மசாதகா தகெத்சுரு 1918-இல் ஸ்காட்லாந்துக்குப் போய்ப் படித்துவந்ததை வைத்து அங்கே ஒரு தனி மரபே உருவாயிற்று.

குடிக்கும்போது என்ன நடக்கிறது? விஸ்கியில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் தித்திப்பதாகச் சொல்கிறோமே, அந்தத் தித்திப்பு நாக்கில் இல்லை. பாயசத்திலும் ஐஸ்கிரீமிலும் இத்தனை வருஷம் வெண்ணிலாவும் ஏலக்காயும் இனிப்போடு சேர்ந்தே வந்ததால், அந்த வாசனை வந்தால் இனிப்பும் வந்ததாக மூளை கணக்கு எழுதிவிடுகிறது. விழுங்கிய பிறகு மூச்சு விடும்போது தொண்டை வழியே ஆவி மூக்குக்கு ஏறுகிறதே, ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். ஒரே மடக்காக விழுங்குகிறவருக்கு அது கிடைக்காமலே போகிறது. ஆனால் பெரியப்பா குடிப்பதில் தேடுவதற்கு வாசனை அதிகமில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்வதும், ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதும் அந்தச் சரக்குக்கு ஏற்ற அறிவுதான்.

தொண்டை எரிகிறதே, அது? அங்கேதான் பானிபூரி மறுபடி வருகிறது. வாயிலும் தொண்டையிலும் டி.ஆர்.பி.வி.1 என்று ஓர் உணர்வி உண்டு. 42 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயின் கேப்சைசின் அதை நேரே தட்டிவிடுகிறது, சூடே இல்லாமல். எத்தனால் வேறு தந்திரம் செய்கிறது: 42 என்ற எல்லையை 34-க்கு இறக்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடோ 37. ஆக, விஸ்கி குடிக்கும்போது நம்மைச் சுடுவது நம் சொந்தச் சூடுதான். சளிக்குப் பிராந்தி நல்லது என்று பாட்டிமார் சொல்லும் வைத்தியமும் பாதி இந்த ஏமாற்று; மீதி, தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் கதகதப்பு. உண்மையில் அப்போது உடம்பு சூட்டை இழக்கிறது.

தண்ணீர் ஊற்றினால் விஸ்கி கெடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எத்தனால் 45 சதவீதம் வரை இருக்கும்போது குவையக்கால் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது, மூக்குக்கு எட்டும் தூரத்தில். 59 சதவீதத்துக்கு மேல் போனால் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் ஊர் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று விசித்திரமான ஓர் எண் அச்சாகியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பழைய பிரிட்டிஷ் புரூஃப் அளவில் 75 டிகிரி என்பதன் மாற்று அது. வெள்ளைக்காரன் போனான், அவன் கலால் கணக்கு அட்டைப் பொட்டலத்திலும் இருக்கிறது. அது தற்செயலாக 45-க்குக் கீழேயே இருப்பதால், அடுத்த முறை யாராவது "ரா-வாக அடித்தால்தான் ருசி" என்று சொன்னால் மறுத்துப் பேச ஆதாரம் உண்டு. கல்லீரலுக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரியாது; ஐலாவும் நைன்ட்டியும் அதற்கு ஒரே எத்தனால்.

இனி மரம். இதில்தான் எங்கள் மேட்டுநிலத்துக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. ஒரு மால்ட் விஸ்கியின் வாசனையில் பாதிக்கு மேல் பீப்பாய் தருவது என்று வடிப்பவர்கள் சொல்வார்கள். ஓக் மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வெண்ணிலின் ஆகிறது. ஹெமிசெல்லுலோஸ் கருகிய சர்க்கரையாகிறது. லாக்டோன் தேங்காய் வாசனை, யூஜினால் கிராம்பு வாசனை. மரத்தை முகர்ந்தால் தெரியாத இவை, கரியவிட்ட பலகைக்குள் சாராயம் பகலில் விரிந்து புகுந்து, இரவில் சுருங்கி வெளியேறும்போது கரைந்து வருகின்றன. போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால் கென்டக்கியில் ஒருமுறை பயன்பட்டவை குவிகின்றன. ஸ்காட்லாந்து அவற்றை வாங்குகிறது, பெங்களூரும் வாங்குகிறது.

அம்ருத் 1948-இல் ராதாகிருஷ்ண ராவ் ஜகதாளே பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். பிராந்தி, ரம் என்று ஓடியது. மால்ட் வடித்தும், அதைக் கலப்பு விஸ்கிகளில் சேர்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்துப் பிள்ளை ரக்ஷித் அங்கேயே விற்றுப் பார்த்தால் என்ன என்று ஆராய்ந்தார். 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், ஸ்காட்ச்சின் முற்றத்திலேயே, இந்திய சிங்கிள் மால்ட் வெளியாயிற்று. முதல் சில வருஷம் போணியாகவில்லை. 2010-ஆம் ஆண்டுக்கான 'விஸ்கி பைபிள்' தொகுப்பில் ஜிம் மர்ரே, அம்ருத் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் பீட் பார்லியும் சேர்ந்தது ஃப்யூஷன். விஸ்கி என்ற சொல்லே கேலிக் மொழியில் 'உயிர்நீர்' என்பதிலிருந்து வந்தது. அங்கே போய் இறங்கிய இந்தியச் சரக்கின் பெயர் அமிர்தம்! 2012-இல் லண்டனில் அறிமுகமான பால் ஜானின் வாலை கோவாவில் இருந்தாலும், நிறுவனம் பெங்களூர்தான்.

ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்கில் ஒரு பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகிப் போகும். அதற்கு அங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரம், பகலில் வெயில், இரவில் குளிர், வருஷத்தில் பாதி நாள் காய்ந்த காற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாய், 12 வருஷம். ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 157 லிட்டர் மிஞ்சும். இங்கே ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்தால் 50 லிட்டர்கூடத் தேறாது. அம்ருத் 2013-இல் வெளியிட்ட எட்டு வருஷ விஸ்கிக்கு 'பேராசைக்காரத் தேவதைகள்' என்று பெயர் வைத்தது வயிற்றெரிச்சலில்தான் இருக்கும். இந்தக் கிடங்குகள் உள்ள ஊர்களில் சுவர்களும் மரங்களும் கறுத்துக் கிடப்பதுண்டு. பௌடோயினியா என்ற பூஞ்சை காற்றில் போகும் எத்தனாலைத் தின்று வளர்கிறது. தேவதைகள் யார் என்று கேட்டால் ஓரளவுக்கு அதைக் காட்டலாம்.

போகிறது நிறைய, வருவதும் சீக்கிரம் வருகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் வேதிவினை வேகம் இரட்டிக்கும் என்பது மாணவர்கள் படிக்கும் தோராய விதி. அங்கே 12 ஆண்டில் மரம் தருவதை இங்கே நாலைந்து ஆண்டிலேயே எடுத்துவிடலாம். எல்லாமே இப்படி வேகம் பிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்திலிருந்து கரைவது சூட்டால் துரிதப்படும். காற்றோடு மெல்லக் கலந்து முதிர்வதை அதே அளவு அவசரப்படுத்த முடியாது. அதனால் இங்கே பத்து வருஷம் மறந்து வைத்தால் விஸ்கிக்குப் பதில் துவர்க்கும் மரக் கஷாயம்தான் மிஞ்சும். பாட்டிலில் 18 என்று போட்டிருந்தால் 12-ஐவிட உயர்த்தி என்ற கணக்கு ஸ்காட்லாந்தின் தட்பவெப்பத்துக்கு எழுதியது. கோலார் பீடபூமியில் வருஷத்தின் நீளமே வேறு.

ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்த அம்ருத்தைப் பெரியப்பா, நான் சொன்னபடி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மெதுவாகக் குடித்தார். காலி டம்ளர்களைக் கழுவாமல் ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் படுத்தோம். எத்தனால் போன பிறகு டம்ளரில் ஒட்டியிருப்பதுதான் மரமும் தானியமும். அதைக் காலையில் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். விடிந்ததும் அவரே எடுத்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார். நைன்ட்டி டம்ளரில் ஒன்றுமில்லை. அம்ருத் டம்ளரில் வெண்ணிலாவும் பலகை வாசனையும். "டிம்பர் யார்டு" என்றார். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் அறுத்த இடம்.

பீப்பாய்க் கணக்கையும் சொன்னேன். 200 லிட்டர் ஊற்றி வைத்தால் 12 வருஷத்தில் 50 தேறாது என்று.

"மீதி எங்கடா போவுது?"

"காத்துல போவுது பெரியப்பா. கிடங்கு பூரா அந்த வாசனைதான் நிக்குமாம்."

அவர் டம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார்.

"அந்தக் குடோன்ல வாட்ச்மேன் வேலை இருந்தா விசாரிச்சுப் பாரு."